வடக்குப் பக்கத்துப் பலகை

போன கிழமை எங்கள் வீட்டுக்கு அலுமினிய யன்னல் போட்டு முடிந்தது. பழைய மர யன்னல்களைக் கறையான் தின்றுவிட்டது. கொக்கி போட்டாலும் காற்றுக்குத் தலையாட்டிக்கொண்டே நின்றன. மாரிக்கு முதல் மாற்றியே ஆகவேண்டும் என்று மகன் பிடிவாதம். “உங்களுக்கு நெஞ்சிலை சளி, அம்மா. வாடைக் குளிர் இனி உள்ளுக்கை வரக்கூடாது” என்றான். அவன் பிறந்த மாரியில், அகதி முகாமில் ஒரு தறப்பாளுக்குக் கீழே, அவனை ஒரு சொட்டும் நனையாமல் வைத்திருந்தவள் நான். இப்போது அவன் எனக்குக் குளிரைப் பற்றிப் படிப்பிக்கிறான். பிள்ளை வளர்த்தால் இப்படித்தான்.

யன்னல் பொருத்த வந்தவர் பாப்பாமோட்டைப் பக்கத்து மனிதர். மரியாதையான ஆள், தேத்தண்ணி கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குவார். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில், சுடுகிற துவக்கு மாதிரி ஒரு சாமானால் வெள்ளைப் பசையைப் பிதுக்கி, விரலால் தடவிக்கொண்டே போனார்.

“இனி ஒரு பொட்டுக் காத்தும் வராது அம்மா. வெளியிலை வெடி கொளுத்தினாலும் உங்களுக்குக் கேக்காது.”

“வெடி கேட்டது போதும் தம்பி. வேறை ஏதும் கேக்குமோ?”

“ஒண்டும் கேக்காது.”

அந்த ‘ஒண்டும்’ எனக்குள் போய் நின்றுவிட்டது. ஏனென்று சொல்கிறேன். நேராகச் சொல்ல எனக்கு வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், ஒரு வரி எழுதிவிட்டுக் கோழி துரத்தப் போகிறவள். நீங்கள்தான் பொறுத்துக் கூட வரவேண்டும்.

முதலில் அந்தப் பசையின் மணம். அவர் அறைக்கு அறை போகப் போக, வீடு முழுக்க வினாகிரிப் போத்தல் உடைந்த மாதிரி ஒரு புளிச்ச மணம். மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். நான் மட்டும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தேன். எனக்கு அது எங்கள் அம்மாவின் குசினி. பனங்கள்ளைச் சாடியில் ஊற்றி, வாய்க்குத் துணி கட்டி, தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று வீசுகிற மாதமெல்லாம் புளிக்க விடுவா. சோளகம் ஓய்ந்து காற்றுத் திரும்புகிற நேரம் அது நல்ல வினாகிரியாகி இருக்கும். பொரித்த மீன் துண்டுகளுக்குக் கடுகும் மிளகாயும் அரைத்துப் பிரட்டி அதற்குள் போட்டு மூடினால், வள்ளம் இறங்காத நாட்களுக்கெல்லாம் கறி ஆச்சு. அம்மா அந்தச் சாடியின் துணியை அவிழ்க்கிற மணம் வந்தால், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் முன்கூட்டியே முதுகு வலிக்கத் தொடங்கும். அது மாரி வேலை தொடங்குகிற மணம்.

எங்கள் தீவின் குளிரைக் கேட்டால், மலைநாட்டில் இருந்து வந்து குடியேறின ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களின் குளிர் மேலிருந்து இறங்குகிற குளிர், போர்த்துக்கொண்டு படுத்தால் போகும். எங்கள் குளிர் தனிய வராது. வடகடல் முழுவதையும் தோளில் தூக்கிக்கொண்டு வரும். காற்றோடு மணல் வரும், மணலோடு உப்பு வரும், பிறகு மழை சாய்ந்து சாய்ந்து வந்து சுவரின் காலை அரிக்கும். எங்கள் வீடு வடக்குக் கரையில், கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பனங்கூடலும் பிலோமி மாமியின் வீடும் மட்டும்தான்.

அதனால் வேலை கொஞ்சமா? கூரைக்குப் புது ஓலை. வீட்டைச் சுற்றி மண் அணை. குசினியின் வடக்குப் பக்கத்துக்கு ஓலைத் தட்டி. கிணற்றடியில் இருந்து வெள்ளம் ஓட ஒரு வாய்க்கால். ஆட்டுக் கொட்டிலை உயர்த்த வேண்டும். எருக்கலம்பிட்டியில் இருந்து பாய்க் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு முஸ்லிம் உம்மா வருவா. “நெலம் குளுந்திரும் புள்ள, பழசுல படுக்காதீங்க” என்று சொல்லியே இரண்டு பாய் விற்றுவிட்டுப் போவா. அப்பா கூரையில், அம்மா கீழே. ஓலை கட்டுகிறவர் அப்பா என்றாலும் கூரை வேய்ந்தது அம்மாவின் வாய்தான். “இஞ்சாருங்கோ, அதிலை ஒரு கண் தெரியுது. உங்களுக்கு என்ன, கண் தெரியாதே?” எங்கள் வீட்டுக் கூரை ஒரு மாரியிலும் ஒழுகினதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

காற்று எப்போது திரும்பும் என்பதை அப்பா கழுதைகளிடம் கேட்பார். எங்கள் தீவில் யாருக்கும் சொந்தமில்லாத கழுதைகள் நிறைய, உங்களுக்குத் தெரியும்தானே. காற்று வருகிற பக்கத்துக்கு அவை பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் காலையில் எங்கள் வேலியோரம் நிற்கிற கழுதையெல்லாம் தெற்கே முகம் பார்த்து நின்றால், வாடை வந்துவிட்டது. “கழுதை திரும்பீட்டுது” என்று அப்பா அறிவிப்பார். அதற்குப் பிறகு ஓலை கட்டுகிறவன் சோம்பேறி.

கூரையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், அவரவர் வீட்டு முகட்டில் கடைசி முடிச்சைப் போடுகிறவர் அந்த வீட்டுக்காரர்தான். கூலிக்கு ஆள் வைத்தாலும் அந்த முடிச்சுக்கு அவரே ஏறவேண்டும். புருசன் செத்த வீடு என்றால் ஊர் ஆண்கள் சேர்ந்து போய் வேய்ந்து கொடுப்பார்கள். கூலி வாங்கமாட்டார்கள், தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அவர்கள் வந்து ஏணியைச் சாத்தினார்கள் என்றால், அந்த வீட்டுக்காரர் இனி வரமாட்டார் என்று ஊர் தீர்ப்புச் சொன்ன மாதிரி.

பிலோமி மாமி அந்த ஏணியைச் சாத்த விடவில்லை.

அவவின் புருசன் சவிரி மாமா. எங்கள் அப்பாவோடு ஒன்றாக வளர்ந்தவர், தனியாக ஒரு சின்ன வள்ளம் வைத்திருந்தார். ஆணி அடிக்காமல், பலகையோரம் துளை போட்டுக் கயிற்றால் தைத்த பழைய மாதிரி வள்ளம். அதற்கு அவர் அடித்த நிறம் அந்தக் கரை முழுக்கப் பகிடி. கோயிலில் மாதா சிலை நிற்கிற கெபிக்கு நீலம் அடித்தபோது மிஞ்சின பெயின்றைச் பங்குச் சுவாமியிடம் கேட்டு வாங்கி, வள்ளத்துக்குப் பூசிவிட்டார். “சவிரி மீன் பிடிக்கப் போறானோ, மோட்சத்துக்குப் போறானோ?” என்று அப்பா கேட்பார். “மாதா நீலமடா. எந்தச் சுறாவும் கிட்ட வராது” என்பார் அவர்.

அவர் கரையில் இருந்து வரும்போது விசில் அடித்துக்கொண்டு வருவார். பாட்டு இல்லை. முதலில் தாழ்வாக ஒன்று, பிறகு கடைசியில் மேலே தூக்கி ஒன்று, ஏதோ கேள்வி கேட்கிற மாதிரி. அது பனங்கூடலுக்குள் கேட்டவுடன், பிலோமி மாமி சீதனத்துக்கு வந்த பித்தளை மூடியை அகப்பைக் காம்பால் இரண்டு தரம் தட்டுவா. டங், டங். சோறு இருக்கு, வாங்கோ என்று அர்த்தம். அவ்வளவுதான் அவர்களின் கதை பேச்சு. அம்மா சில நாள் அப்பாவைப் பார்த்து, “பாருங்கோ, அது புருசன். நீங்கள் வாறதே கருவாட்டு மணத்திலைதான் தெரியும்” என்பா.

ஒரு வருசம் காற்றுத் திரும்புகிற நேரம் கடலுக்குப் போன சவிரி மாமா வரவில்லை. எல்லா வள்ளமும் போய்த் தேடியது. ஒரு துடுப்பும் கிடைக்கவில்லை. அந்த நாளில் திசை தவறி இந்தியாக் கரையில் ஒதுங்கி, மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்தவர்கள் உண்டு. அதனால் பிலோமி மாமி சொன்னதை யாராலும் மறுக்க முடியவில்லை. “உடம்பு வரேல்லையே. வராத உடம்புக்கு என்ன பூசை? அவர் அங்காலை எங்கையோ நிக்கிறார்.” கறுப்பு உடுக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. அந்த மாரி பழைய ஓலையோடு போய்விட்டது. நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த மாரி. அவவின் கூரை ஓலை இற்று, உள்ளே நின்றால் வானம் துண்டு துண்டாகத் தெரியும். அப்பாவும் இன்னும் நாலு பேரும் ஓலைக் கட்டோடு போனார்கள். வேலிப் படலையை மறித்துக்கொண்டு நின்றா.

“ஏன் அண்ணை, உங்கட கூட்டாளி செத்துப்போனாரெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லைப் பிள்ளை. மழை வருது, அதுக்குத்தான்.”

“மழை வந்தால் வரட்டும். அவர் வந்து வேய்வார்.”

அப்பா திரும்பி வந்து ஓலைக் கட்டை எங்கள் மாலில், சாமான் போடுகிற கொட்டிலில், போட்டார். அதை எங்கள் கூரைக்கு எடுக்கக் கூடாது என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

மாரிக்கு விறகு சேர்ப்பது அம்மாவும் நானும். எனக்கு அப்போது பத்து வயசு இருக்கும். கடல் தள்ளுகிற கட்டையெல்லாம் பொறுக்கிக் காயவைத்து அடுக்குவோம். கடல் விறகு எரியும்போது சுவாலை பச்சையும் நீலமுமாக நெளியும், அதைப் பார்க்க எனக்கு ஆசை. ஆனால் ஒன்று: வள்ளப் பலகையை எங்கள் ஆட்கள் அடுப்பில் வைக்கமாட்டார்கள். நாங்கள் சவத்தை எரிக்கிற ஆட்கள் இல்லை, வள்ளத்தையும் எரிக்கமாட்டோம். உடைந்த வள்ளத்தைக் கரையில் விட்டு மணல் மூட விடுவோம்.

அன்றைக்கு அம்மா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தா. திடீரென்று குந்தினா. கடல் ஒதுக்கின சாதாளைப் பாசிக் குவியலுக்குள் ஒரு பலகை, என் உயரம் இருக்கும். சிப்பி ஒட்டி, ஓரம் முழுக்க வரிசையாகத் தையல் துளை. அம்மா விரலால் மணலைத் தள்ளிப் பார்த்தா. உள்ளே நீலம். கெபியில் மாதாவுக்குப் பின்னால் இருக்கிற அதே நீலம்.

நான் வாயைத் திறந்தேன்.

“மூடடி” என்றா அம்மா. அவ்வளவு மெதுவாக அவ பேசி நான் கேட்டதில்லை. பயந்துபோனேன்.

பலகையின் மேல் சாதாளையைப் போர்த்து, விறகுக் கட்டுக்கு நடுவில் வைத்துக் கட்டி, இரண்டு பேரும் தூக்கி வந்தோம். பிலோமி மாமி கிணற்றடியில் நின்று, “இந்தமுறை நல்ல விறகோ அக்கா?” என்று கேட்டா. “ஈரம், ஈரம்” என்று சொல்லிக்கொண்டு அம்மா நிற்காமல் நடந்தா.

அன்று மத்தியானம் குசினிக்குள் அம்மாவும் அப்பாவும் குசுகுசுத்தார்கள். அப்பா சொன்னார்: “சொல்லத்தான் வேணும்.”

“இந்த மாரி போகட்டும். தனிய இருக்கிறாள். மழைக்கை நனைஞ்சுகொண்டு இதையும் கேட்டால் உயிரை விட்டிடுவாள்.”

“அவள் நனையிறதே இது தெரியாததாலைதானே?”

பதில் இல்லாவிட்டால் அம்மா வேலை செய்வா. எரிக்க முடியாது. கடலுக்குத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, கடல்தானே கொண்டுவந்து தந்தது. வெளியில் வைத்தால் தெரியும். குசினியின் வடக்குத் தட்டியில் ஓரிடத்தில் ஓலை மெலிந்திருந்தது. அந்த இடத்தில் பலகையை நிறுத்தி, நீலப் பக்கத்தை உள்ளே திருப்பி இறுக்கிக் கட்டினா. அடுப்புப் புகை கெதியாய்க் கறுப்பாக்கிவிடும் என்று கணக்கு. முன்னால் விறகை அடுக்கினா. புகையும் சொன்ன மாதிரியே தன் வேலையைச் செய்தது. கொஞ்ச நாளில் அதுவும் ஒரு கரிப்பலகை. நானே மறந்துவிட்டேன்.

துளைகள் வடக்கே பார்த்து இருக்கின்றன என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

கழுதை திரும்பின அன்று மம்மல் நேரம். இருட்டு இன்னும் விழவில்லை, விளக்கும் கொளுத்தவில்லை, அந்த இடை நேரம். அப்பா சோற்றுக்கு முன்னால் இருந்தார். நான் ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டு நின்றேன். முதல் வாடை பனங்கூடலை உலுப்பிக்கொண்டு வந்தது. அதோடு ஒரு விசில். தாழ்வாக ஒன்று. பிறகு கடைசியில் மேலே தூக்கி ஒன்று.

வேலியோரம் நின்ற கழுதைகள் எல்லாம் ஒரே நேரத்தில் காதைத் தூக்கின. ஆடுகள் எழும்பி நின்றன. அப்பாவின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது.

பிறகு வேலிக்கு அந்தப் பக்கம்: டங், டங்.

பிலோமி மாமி பித்தளை மூடியைத் தட்டினா.

அந்த விசிலுக்கு நான் பயந்ததைவிட அந்த மூடிச் சத்தத்துக்குத்தான் கூடப் பயந்தேன். கூப்பிட்டது காற்று என்று பிறகு கண்டுகொண்டோம். ஆனால் பதில் சொன்னது ஒரு மனுசி. அவ படலையைத் திறந்து வைத்துவிட்டு, சோறு போட்டு மூடிவைத்துவிட்டு ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றா. முகத்தில் ஒரு அந்தரமும் பதற்றமும் இல்லை. ஆள் வரச் சுணங்குகிற நேரம் பெண்சாதிமார் நிற்பார்களே, அந்த நிலைதான்.

அப்பா எழும்பிப் போய் விறகை விலக்கிப் பார்த்தார். திரும்பி வந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா தும்பும் துணியும் எடுத்துத் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தா.

அடுத்த நாள் வாடை மழையையும் கூட்டிக்கொண்டு பலமாக அடித்தது. விசில் இல்லை. மம்மல் கடந்த பிறகு பிலோமி மாமி எங்கள் முற்றத்தில் வந்து நின்றா. நனைந்து, மயிர் நெற்றியில் ஒட்டி, சேலைத் தலைப்பில் இருந்து தண்ணீர் ஓடியது.

“அக்கா, இண்டைக்கு அவர் ஏன் வரேல்லை?”

கடைசி பஸ் ஏன் வரவில்லை என்று கேட்கிற மாதிரிக் கேட்டா. அம்மா எழும்பி முற்றத்துக்கு வந்தா. உள்ளே கூப்பிட்டு, தலை துடைத்து, தேத்தண்ணி கொடுத்தா. எங்களோடு படுக்கச் சொன்னா. “அவர் வந்தால் வீடு இருட்டாக் கிடக்கும்” என்று சொல்லிவிட்டு அவ போய்விட்டா.

அம்மா குசினிக்குள் போய் விறகை விலக்கினா. பிறகு தான் அடைத்த தும்பைத் தானே பிடுங்கினா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மம்மலும் விசில், ஒவ்வொரு மம்மலும் மூடி. ஊருக்குள் கதை பரவியது. எங்கள் ஒழுங்கையால் அந்த நேரம் ஒருத்தரும் வரமாட்டார்கள். சுற்றி மற்றக் கரை வழியாகப் போவார்கள். மழையும் விடாமல் பிடித்துக்கொண்டது. பிலோமி மாமியின் கூரை ஒரு மூலையில் உள்ளே இறங்கியது. அவ இருமுகிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. அப்பா மாலில் கிடக்கிற ஓலைக் கட்டைப் பார்ப்பார், அம்மாவைப் பார்ப்பார், எழும்பிப் போய்விடுவார். அந்த மாரியில் எங்கள் வீட்டில் ஒருத்தரும் வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஒழுகாத கூரைக்குக் கீழே இருக்கக் கூச்சமாக இருந்தது.

ஒருநாள் மழை நின்று, காற்று மட்டும் நிற்காத ஒரு மம்மல். விசில் தொடங்கியது. மூடிச் சத்தம் வரவில்லை. அம்மா தலையை நிமிர்த்தினா. “அவளுக்கு என்ன?” என்று சொல்லி முடிக்க முதல், வேலிக் கிளுவையைப் பிரித்துக்கொண்டு பிலோமி மாமி உள்ளே வந்தா. எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. தலையைச் சரித்துக் கேட்டுக் கேட்டு நடந்தா. கண் தெரியாத ஆட்கள் நடப்பார்களே, அந்த மாதிரி. குசினிக்குள் போய், விறகை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தா. அம்மா தடுக்கவில்லை.

பலகையின் முன்னால் நின்றா. உள்ளங்கையைத் துளைகளின் மேல் வைத்தா. விசில் நின்றது. எடுத்தா. வந்தது. மறுபடி வைத்தா. நின்றது. பிறகு நகத்தால் கரியைச் சுரண்டினா. கொஞ்சம்தான், ஒரு புளியங்கொட்டை அளவு. நீலம் தெரிந்தது.

நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அவ கத்துவா, மண்ணில் விழுவா என்று நினைத்தேன். இல்லை.

“எப்ப வந்தவர்?” என்று கேட்டா.

“ஐப்பசியிலை” என்றா அம்மா.

“இவ்வளவு நாளா என்ர மனுசன் உங்கட குசினிக்கை நிக்கிறார். அக்கா, ஒரு வாய் தண்ணி குடுத்தியளோ?”

அம்மா குலுங்கி அழுதது அப்போதுதான். பிலோமி மாமி அழவில்லை. எங்கள் குடத்தில் இருந்து செம்பில் நல்ல தண்ணீர் எடுத்து, பலகையின் மேல் நுனியில் இருந்து மெதுவாக ஊற்றினா. முந்தானையால் துடைத்தா. ஒரு வருசம் உப்பில் கிடந்த ஒரு மனிதரைக் குளிப்பாட்டுகிற மாதிரி. தண்ணீர் கரியைக் கழுவிக்கொண்டு கறுப்பாக ஓடி எங்கள் அடுப்படியை நனைத்தது. கடைசியில் எங்கள் அப்பாவைப் பார்த்துச் சொன்னா:

“அண்ணை, நாளைக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கூரையை வேயுங்கோ.”

அடுத்த நாள் மழைக்கு நடுவில் கிடைத்த வெயிலில் ஆண்கள் ஏணியைச் சாத்தினார்கள். அப்பாதான் முகட்டு முடிச்சைப் போட்டார். இறங்கி வந்து நேரே பனங்கூடலுக்குள் போனார். பிலோமி மாமி கறுப்புச் சேலையில் படலையடியில் நின்று எல்லாருக்கும் கும்பிட்டா.

பலகையைச் சேமக்காலையில் அடக்கலாம், பூசையும் வைக்கலாம் என்று சுவாமி சொன்னார். அவ ஓம் என்றா, ஆனால் உடனே தரமாட்டேன் என்றுவிட்டா. “மாரி முடியட்டும் சுவாமி. இந்தக் குளிருக்கை தனியப் படுக்கவேண்டாம்.” தன் வீட்டு வடக்குத் தட்டியில், புதுக் கூரைக்குக் கீழே, நீலத்தை உள்ளே பார்க்க வைத்து நிறுத்தினா. வாடை ஓயும் வரைக்கும் மம்மலில் அது ஊதும், அவ மூடியைத் தட்டுவா. ஆனால் படலையைத் திறந்து வைக்கவில்லை. சோறும் எடுத்து வைக்கவில்லை. வாடை ஓய்ந்த பிறகு, ஊர் கூடி, ஒரு ஆளைத் தூக்குகிற மாதிரியே தோளில் வைத்துக்கொண்டு போய்ப் பலகையை மண்ணில் இறக்கினோம். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

இத்தோடு முடிந்தது என்றால் நான் இந்த யன்னல்காரரின் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

அடுத்த வருசம் கழுதை திரும்பின அன்று, மம்மல். அப்பா சோற்றுக்கு முன்னால். பலகை சேமக்காலையில், ஆறடிக்குக் கீழே. வாடை பனங்கூடலை உலுப்பியது. கழுதைகள் காதைத் தூக்கின. தாழ்வாக ஒன்று. பிறகு மேலே தூக்கி ஒன்று.

டங், டங்.

அப்பா குசினியின் வடக்குத் தட்டியைத் தடவித் தடவிப் பார்த்தார். பனைகளில் பார்த்தார். உடைந்த போத்தல் ஏதும் கிடக்குதா என்று வேலியோரம் முழுக்கத் தேடினார். வந்து கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு வாடையின் முதல் மம்மலில் அந்த ஒரு தரம், ஒவ்வொரு வருசமும். காலம் போகப் போக எங்கள் ஒழுங்கைக்குப் பயம் விட்டுப்போனது. பயப்படவும் நேரம் வேண்டுமே. “சவிரி வந்திட்டான், இன்னும் ஓலை கட்டேல்லையோ?” என்று ஆண்களை ஏசுகிற அளவுக்கு வந்துவிட்டது. நானும் கலியாணம் கட்டி அதே வளவில் இருந்து, என் மனிதரை அப்படித்தான் கூரையில் ஏற்றினேன். பேயைக் காட்டிப் புருசனிடம் வேலை வாங்கின ஊர் எங்கள் ஊர்.

பிறகு சண்டை வந்தது. பாய் கொண்டு வருகிற எருக்கலம்பிட்டி ஆட்கள் ஒரு மாரிக்கு முதல் வீடுவாசலை விட்டுப் போகவேண்டி வந்தது. நாங்களும் கடலால் போனோம். பிலோமி மாமி எங்கள் வள்ளத்தில்தான் வந்தா, மடியில் அந்தப் பித்தளை மூடி. நடுக்கடலில் ஆட்கள் பாரம் என்று சாமான்களை எறியச் சொன்னார்கள். அவ மூடியை மெதுவாகத் தண்ணீரில் வைத்துவிட்டா, எறியவில்லை. சவிரி மாமா ஒதுங்கியிருப்பார் என்று அவ சொன்ன இந்தியாக் கரைக்குக் கடைசியில் அவதான் போய்ச் சேர்ந்தா. அங்கே முகாமில் கண்ணை மூடினா.

நாங்கள் திரும்பி வந்தபோது பனங்கூடல் இல்லை. அவவின் வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்கூட இல்லை. எங்கள் வளவில் கல்வீடு கட்டினோம், மர யன்னல் போட்டோம். அந்த யன்னல் இடுக்கால், வாடையின் முதல் மம்மலில், சில வருசம் எனக்குக் கேட்டது. இடுக்கில் போகிற காற்று என்றும் சொல்லலாம். நான் ஒருத்தரோடும் வாதாட வரவில்லை. என்னிடம் சட்டி மூடி ஒன்று இருந்தது. தட்டினேன். பதில் சொல்ல வேறு யார் மிச்சம்?

நேற்றுக் கழுதை திரும்பிவிட்டது. கழுதைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. இப்போது எங்கள் சீமெந்து மதிலோரம் நிற்கின்றன. மம்மல் நேரம் கதிரையை வடக்கு யன்னலடியில் போட்டுக்கொண்டு இருந்தேன். கண்ணாடிக்கு வெளியே பப்பாசி மரம் தலைவிரித்து ஆடுகிறது. உள்ளே திரைச்சீலைகூட அசையவில்லை. அந்த மனிதர் சொன்னது உண்மைதான், நல்ல வேலைக்காரர். ஒரு பொட்டுக் காற்றும் இல்லை, ஒன்றும் கேட்கவில்லை. காதைக் கண்ணாடியில் வைத்தேன். குளிர்ந்தது.

அப்போது மதிலோரம் நின்ற கழுதைகள் எல்லாம் ஒரே நேரத்தில் காதைத் தூக்கின.

யன்னலைத் திறக்கப் பார்த்தேன். அந்தப் பூட்டு என் விரலுக்கு விளங்கவில்லை. எழும்பிக் குசினிக்குப் போனேன். பழைய சட்டிகளைப் புதுச் சாமானோடு சேராது என்று மருமகள் எப்போதோ கொடுத்துவிட்டாள். இருக்கிறதுக்கெல்லாம் பிளாஸ்டிக் மூடி. றைஸ் குக்கரின் மூடி கண்ணாடி.

அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தட்டுவதற்கு இந்த வீட்டில் ஒரு மூடியும் இல்லை.